தேவிக்கு எல்லையில் மரியாதை, நமக்கு?



வருஷந்தோறும் நவராத்திரிக்கு முன்னால் மூன்று தெய்வங்கள் தெற்கிலிருந்து திருவனந்தபுரத்துக்கு வருகின்றன. பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி, வேளிமலைக் குமாரகோவிலிலிருந்து முருகன், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கை. குழித்துறையில் ஒரு ராத்திரி, நெய்யாற்றின்கரையில் ஒரு ராத்திரி தங்கிவிட்டு, கரமனை வழியாக நகரத்துக்குள் நுழைகிறார்கள். சரஸ்வதிக்குக் கோட்டைக்குள் நவராத்திரி மண்டபம். முருகனுக்கு நம் ஆரியசாலை அம்மன் கோவில். நங்கைக்குச் செந்திட்டைக் கோவில். பூஜை முடிந்ததும் வந்த வழியே திரும்பிப் போகிறார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் ராஜா பத்மநாபபுரத்தை விட்டுத் திருவனந்தபுரத்தைத் தலைநகராக்கினார். அதன் பிறகு ஏற்பட்ட வழக்கம் இது. ராஜா குடிபெயர்ந்ததால் தெய்வங்களும் நடக்க வேண்டியதாயிற்று.

இந்த வருஷமும் நம் சங்கத்தில் வரவேற்பு வளைவு, மின்விளக்கு, செண்டை மேளம், சிறப்பு மலர் என்று பேச்சு ஆரம்பமாகிவிட்டது. வீட்டுக்கு இவ்வளவு, கடைக்கு இவ்வளவு என்று ரசீதுப் புத்தகமும் அச்சாகும். வளைவு வேண்டாம் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. அந்த வளைவின் கீழே நின்றுகொண்டு நாம் என்ன பேசப் போகிறோம் என்பதுதான் என் கேள்வி.

ஏனென்றால் அங்கே இரண்டு விதமான பிரசங்கிகளைத்தான் நாம் திரும்பத் திரும்பக் கேட்டு வருகிறோம். ஒருவர் சுசீந்திரத்தின் பெருமை பேசுவார்: இசைத் தூண், ஆஞ்சநேயர், கோபுரம், இந்திரன் சாபம். இன்னொருவர் சொத்து வழக்குப் பேசுவார்: "சுசீந்திரம் தமிழன் மண், எங்கள் தேவியை இங்கே கொண்டுவந்து இவர்கள் பெருமை அடித்துக்கொள்கிறார்கள்" என்பார். அதே நேரத்தில் பக்கத்துத் தெருவில் மலையாளத்தில் ஒருவர், "அது எங்கள் ராஜாவின் கோவில், 1956-ல் பறிகொடுத்துவிட்டோம்" என்று கண்ணீர் விடுவார். சுசீந்திரத்தில் வேலை செய்தவன் யார், அடிபட்டவன் யார், அந்த ஊரைவிட்டுச் சாலைக் கம்போளத்துக்கு மூட்டை தூக்க வந்தவன் யார் என்ற பேச்சு எந்த மேடையிலும் வருவதில்லை. அந்தப் பேச்சை நாம் ஆரம்பிக்க வேண்டும்.

ஆற்றங்கரையில் ஒரு ஊர்

சுசீந்திரம் பழையாற்றின் கரையில் இருக்கிற ஊர். பழையாறு சுருளோட்டு மலைப் பக்கத்தில் பிறந்து, பூதப்பாண்டி, நாகர்கோவில் ஒழுகினசேரி வழியாகச் சுசீந்திரத்தைத் தொட்டு, மணக்குடியில் கடலில் விழுகிறது. ஆறு என்று பார்த்தால் சின்ன ஆறுதான். ஆனால் நாஞ்சில்நாட்டு வயலுக்கு அதுவே தாய். திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் என்று நாஞ்சில்நாட்டுக்குப் பெயர் வந்தது இந்த ஆற்றாலும் அதனோடு கோத்துவிட்ட குளங்களாலும்தான். திருவனந்தபுரத்துக்கு அரிசி அங்கிருந்து வண்டி கட்டி வந்தது. தோவாளைப் பூ இன்றைக்கும் வருகிறது. அரண்மனைக்கும் பெரிய கோவிலுக்கும் நகரத்துக்கும் சரக்கு வந்து இறங்குவதற்காகத் திவான் ராஜா கேசவதாசன் சாலைக் கம்போளத்தை ஏற்படுத்தினார். அந்தக் கம்போளத்தில்தான் நாம் பிழைக்கிறோம். சுசீந்திரத்துக்கும் ஆரியசாலைக்கும் உள்ள உறவு தெய்வம் வந்து போகிற உறவு மட்டுமா? நெல்லும் பூவும் வாழைக்குலையும் அவற்றைச் சுமந்த முதுகும் போட்ட பாதை அது.

கோவிலின் அழகை நான் குறைத்துப் பேச மாட்டேன். தாணு, மால், அயன் என்று சிவனும் திருமாலும் பிரமனும் ஒரே திருமேனியாக நிற்கிற தாணுமாலயன் கோவில் அது. ஏழு நிலைக் கோபுரம் 134 அடி. அலங்கார மண்டபத்தில் ஒரே கல்லில் கொத்துக் கொத்தாகச் செதுக்கிய தூண்கள். தட்டினால் ஒவ்வொன்றும் ஒரு சுரம் பேசும். சுண்ணாம்புக் காரையில் செய்த பெரிய மாக்காளை. மார்கழியில் பத்து நாள் திருவிழா. ஒன்பதாம் நாள் தேர். அந்தத் திருவிழாவில் "மக்கள்மார் சந்திப்பு" என்று ஒன்று உண்டு. கோட்டாற்றுப் பிள்ளையாரும் வேளிமலை முருகனும் தாய் தகப்பனைப் பார்க்க வருகிற மாதிரி சுசீந்திரத்துக்கு வருவார்கள். வெளியூர் போன பிள்ளைகள் திருவிழாவுக்கு வீடு திரும்புகிற நம் வழக்கத்தையே ஜனங்கள் தெய்வத்துக்கும் வைத்திருக்கிறார்கள். இதைவிட அழகான பண்பாடு எது?

ஆனால் பண்பாடு என்பது கோவில் மதிலோடு நின்றுவிடவில்லை. இந்தச் சின்ன ஆற்றங்கரை யாரைப் பெற்றது என்று பாருங்கள். பூதப்பாண்டியில் 1907-ல் ஜீவா பிறந்தார். ஒழுகினசேரியில் 1908-ல் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் பிறந்தார்; நாஞ்சில்நாட்டு வில்லுப்பாட்டில் பழகிய நாக்குதான் பிறகு தமிழ்நாட்டையே சிரிக்கவும் யோசிக்கவும் வைத்தது. சுசீந்திரத்துக்குப் பக்கத்துத் தேரூரில் 1876-ல் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை பிறந்தார். சொந்தப் பிள்ளைகளுக்குச் சொத்தில்லை என்று சொன்ன மருமக்கள்வழி முறையை, அந்தச் சமூகத்துக்குள்ளேயே இருந்துகொண்டு "மருமக்கள்வழி மான்மியம்" எழுதிக் கிழித்தார். சுசீந்திரத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் சாமித்தோப்பு. அங்கே அய்யா வைகுண்டர் எல்லாச் சாதியும் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்க வைத்தார், தலைப்பாகை கட்டிக் கும்பிட வைத்தார். அதற்குப் பரிசாகச் சுவாதித் திருநாள் ராஜா அவரைத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுவந்து சிங்காரத்தோப்பில் சிறை வைத்தார்.

சிறப்பு மலர்களில் இவர்கள் யாராவது சுசீந்திரத்தோடு சேர்ந்து வருகிறார்களா? வருவதில்லை. இசைத் தூணைத் தட்டிப் பார்த்துவிட்டு நம்மவர்கள் கட்டுரையை முடித்துவிடுகிறார்கள்.

மலரில் வராத பக்கம்

அந்தத் தூணைச் செதுக்கியவன் பெயர் நமக்குத் தெரியாது. கல்லைச் சுமந்தவன் பெயரைக் கேட்பாரே இல்லை. திருவிதாங்கூரில் "ஊழியம்" என்று ஒன்று இருந்தது. அரண்மனைக்கும் கோவிலுக்கும் ஊட்டுப்புரைக்கும் கூலி இல்லாமல் சுமந்து கொடுக்க வேண்டும், வெட்டிக் கொடுக்க வேண்டும், காவல் கிடக்க வேண்டும். எந்தக் கோவிலுக்கு விறகும் காயும் சுமந்தானோ, அந்தக் கோவில் தெருவில் அவன் கால் படக் கூடாது. வயலில் உழுதவன் அடிமையாக விற்கப்பட்டான். திருவிதாங்கூரில் அடிமைமுறை அடியோடு ஒழிந்ததாக அறிவித்தது 1855-ல்தான். நாஞ்சில்நாட்டிலும் அதற்கு மேற்கேயும் நாடார் பெண்கள் மாரை மறைத்துச் சீலை போட்டதற்காக அடிபட்டார்கள். 1822-ல் தொடங்கிய அந்தத் தோள்சீலைக் கலகம் 1859-ல்தான் ராஜாவின் அறிவிப்போடு அடங்கியது. முப்பத்தேழு வருஷம்! ஒரு துண்டுத் துணிக்கு!

சுசீந்திரம் கோவிலுக்கே சொந்தமான ஒரு வழக்கத்தையும் சொல்கிறேன். அதன் பெயர் கைமுக்கு. ஒழுக்கம் தவறியதாகக் குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரி இங்கே வந்து, கொதிக்கிற நெய்யில் கையை விட்டு உள்ளே கிடக்கும் உருவத்தை எடுக்க வேண்டும். கை வெந்தால் குற்றவாளி, வேகாவிட்டால் சுத்தம். இந்திரனே இப்படிச் சுத்தமான ஸ்தலம், அதனால்தான் "சுசி" இந்திரம் என்று ஸ்தலபுராணம். சுவாதித் திருநாள் காலத்தில் இது நிறுத்தப்பட்டது. நியாயமாகச் செய்தார். வைகுண்டரைச் சிறை வைத்தவரும் அவரே, கைமுக்கை நிறுத்தியவரும் அவரே. ராஜாக்களைப் பற்றிப் பேசினால் இரண்டையும் பேச வேண்டும். ஒன்றை மட்டும் எடுத்து மாலை போட்டால் அது சரித்திரம் ஆகாது.

தெரு யாருடையது?

இப்போது 1926-க்கு வருவோம். நம் பிள்ளைகளுக்கு வைக்கம் தெரியும். 1924 மார்ச் 30-ல் தொடங்கி 1925 நவம்பர் வரை நடந்தது; பெரியார் போனார், சிறைப்பட்டார். அதே கையோடு, 1926-ன் தொடக்கத்தில், சுசீந்திரத்தில் ஒரு சத்தியாக்கிரகம் நடந்தது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கோரிக்கை என்ன? கோவிலுக்குள் விடு என்றுகூட அப்போது கேட்கவில்லை. கோவிலைச் சுற்றி இருக்கிற தெருவில் நடக்க விடு என்றுதான் கேட்டார்கள். தேர் ஓடுகிற தெரு. சர்க்காரும் ஜனங்களும் புழங்குகிற தெரு. அதில் "தீண்டாத" சாதி நடக்கக் கூடாது என்று தடை. கோட்டாற்று டாக்டர் எம். எம்பெருமாள் நாயுடு முன்னின்றார். அவர் வைக்கத்திலும் நின்றவர். பூதப்பாண்டி ஜீவாவும், மீசை முளைக்கிற வயதில், வைக்கம் போனார், சுசீந்திரமும் வந்தார். மேல்சாதிக்காரர் சிலர் தங்கள் சொந்தச் சாதியைப் பகைத்துக்கொண்டு கூட நின்றார்கள். நின்றவர்கள் கைதானார்கள். போராட்டம் இடையில் நின்றது. 1930-ல் மறுபடியும் எழுந்தது. கடைசியில் 1936 நவம்பர் 12-ல் சித்திரைத் திருநாள் மகாராஜாவின் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது. தெருவென்ன, சந்நிதியே திறந்தது.

பிரகடனத்தை ராஜாவின் கருணை என்று இன்றைக்கும் பாடுகிறார்கள். கையெழுத்துப் போட்டது ராஜா, நான் மறுக்கவில்லை. ஆனால் கையெழுத்துப் போட வைத்தது எது? வைக்கத்து வெயிலில் உட்கார்ந்த ஜனங்களும், சுசீந்திரம் தெருவில் மறியல் செய்த ஜனங்களும், "இந்த மதமே வேண்டாம், வேறு மதம் போகிறோம்" என்று ஈழவ சமுதாயத்தில் அன்று எழுந்த கோபமும் அல்லவா? கருணையால் வந்ததாக இருந்தால் அது ஒரு நூற்றாண்டு முன்னாலேயே வந்திருக்காதா?

இன்னொரு விஷயம். விஜயதசமி அன்று நம் ஆரியசாலையிலிருந்து வேளிமலை முருகன் வெள்ளிக் குதிரையில் பூஜப்புரைக்குப் பள்ளிவேட்டைக்கு எழுந்தருளுவார். கூட்டத்தோடு கூட்டமாக நாமும் பின்னால் போகிறோம். அதே பூஜப்புரை மத்தியச் சிறையில்தான் 1924-ல் பெரியார் கைதி உடுப்பில் கடுங்காவல் கிடந்தார். முருகனைப் பார்க்கப் போகிற பிள்ளையிடம் ஒரு விரல் நீட்டி அந்த மதிலையும் காட்டினால் என்ன குறைந்துவிடும்? சாமிக்குக் கோபம் வருமா?

சொத்து வழக்கு

சுசீந்திரம் தமிழன் சொத்தா, மலையாளி சொத்தா என்ற வழக்குக்கு வருகிறேன்.

1956 நவம்பர் 1-ல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்களும் தமிழ்நாட்டோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயிற்று. சும்மா வரவில்லை. நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. 1954 ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. ஏழை ஜனங்கள் செத்தார்கள். அந்தத் தியாகத்தை நாம் மறக்கக் கூடாது. பேசுகிற மொழியில் பள்ளிக்கூடமும் கச்சேரியும் வேண்டும் என்று கேட்டது நியாயம்.

ஆனால் எல்லை பிரிந்தபோது சர்க்கார்கள் எதை மறக்காமல் எழுதி வைத்தன என்று கேளுங்கள். அரசியல் சாசனத்தில் 290-அ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். வருஷந்தோறும் கேரள சர்க்கார் 46,50,000 ரூபாய் திருவிதாங்கூர் தேவசம் நிதிக்குத் தர வேண்டும்; தமிழக சர்க்கார் 13,50,000 ரூபாய், தன்னிடம் வந்த பகுதிகளின் கோவில்களுக்காகத் தர வேண்டும். சுசீந்திரமும் அந்தக் கோவில்களில் சேர்ந்தது. பிறகு தமிழக சர்க்கார் இதற்கு மேலேயும் மானியம் கூட்டிக் கொடுத்திருக்கிறது. பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் இருக்கிறது. அதை நடத்துவது இன்றும் கேரள சர்க்கார்தான். நவராத்திரி ஊர்வலம் புறப்படும்போது அந்த அரண்மனையில் உடைவாள் கைமாறும். இரண்டு சர்க்கார் அதிகாரிகளும் வரிசையில் நிற்பார்கள். களியக்காவிளை எல்லையில் போலீஸ் மரியாதை. தெய்வத்துக்கும் அரண்மனைக்கும் எல்லை எந்த இடைஞ்சலும் செய்யவில்லை. நன்றாகவே ஏற்பாடு செய்திருக்கிறார்கள்!

இப்போது நம் கதையைப் பாருங்கள். அகஸ்தீஸ்வரத்துத் தாழ்த்தப்பட்ட குடும்பம் ஒன்று பிழைப்பைத் தேடிக் களியக்காவிளையைத் தாண்டி வருகிறது. கணவன் கம்போளத்தில் சுமை எடுக்கிறான். மனைவி வீட்டுவேலை செய்கிறாள். பிள்ளை இங்கே பிறந்து இங்கே படித்துப் பத்தாவது தேறுகிறது. மேல்படிப்புக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டால், "உன் தகப்பன் தமிழ்நாடு, இங்கே உனக்குச் சலுகை இல்லை" என்கிறார்கள். கேட்டால் சட்டம் அப்படித்தான். தாழ்த்தப்பட்டோர் பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் தனி. ஒரு மாநிலத்தில் அந்தப் பட்டியலில் உள்ளவர் இன்னொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அங்கே அந்தச் சலுகையைக் கேட்க முடியாது என்று 1990-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. சரி, அங்கே போய் வாங்கலாம் என்றால், "நீ கேரளாவிலேயே பிறந்து வளர்ந்தவன் ஆயிற்றே, இருப்பிடச் சான்று எங்கே?" என்று அலையவிடுகிறார்கள். இரண்டு பக்கமும் கதவு சாத்தியாயிற்று.

சுசீந்திரத்து நங்கை எல்லை தாண்டினால் இந்தப் பக்கமும் தேவிதான். சுசீந்திரத்துப் பறையனும் புலையனும் எல்லை தாண்டினால், தீண்டாமை மட்டும் கூட வரும், சலுகை எல்லையிலேயே நின்றுவிடும்! இந்த அநியாயத்தை எந்த மேடைப் பிரசங்கியாவது வரவேற்பு வளைவின் கீழே நின்று பேசினாரா? "தமிழன் தேவி" என்று முழங்குகிறவர், தமிழன் பிள்ளையின் சான்றிதழுக்காக ஒரு நாள் தாலுகா ஆபீஸ் படி ஏறினாரா?

ஆகவே சொல்கிறேன்: இந்தச் சொத்து வழக்கில் வாதி பிரதிவாதி இரண்டு பேரும் நமக்கு வக்கீல் இல்லை. கரமனையில் தமிழும் மலையாளமும் கலந்து பேசிக்கொண்டு ஒரே லாரியில் சரக்கு இறக்குகிற இரண்டு தொழிலாளிக்கு நடுவில் சண்டை மூட்டத்தான் அது உதவும். சுசீந்திரம் தெருவைத் திறந்த போராட்டத்துக்கு முன்னால் வைக்கம் நடந்தது. வைக்கத்துக்குத் தெற்கிலிருந்து தமிழர்கள் போனார்கள். ஈரோட்டுக்காரர் மலையாள நாட்டில் ஜெயிலுக்குப் போனார். அன்றைக்கு யாரும் "இது உங்கள் தெரு, எங்கள் தெரு" என்று பிரித்துப் பேசவில்லை.

ஆறு செத்தால்?

பெருமை பேசுகிறவர்களிடம் இன்னொன்றும் கேட்க வேண்டும். பழையாறு எப்படி இருக்கிறது?

போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நாகர்கோவில் நகரத்தின் சாக்கடை அதில்தான் கலக்கிறது. ஆகாயத் தாமரை படர்ந்து தண்ணீரே தெரியாத இடங்கள் உண்டு. குளித்துவிட்டுக் கோவிலுக்குப் போன ஜனங்கள் இன்று மூக்கைப் பிடித்துக்கொண்டு பாலம் கடக்கிறார்கள். "சுசி" என்றால் சுத்தம் என்று ஸ்தலபுராணம் படிக்கிற ஊரின் ஆற்றுக்கு இந்தக் கதி.

2022-ல் சுசீந்திரம் - தேரூர் நீர்நிலைகளுக்கு ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. உலக நாடுகள் கூடி ஈரநிலங்களைக் காக்கப் போட்ட ஒப்பந்தம் அது. குளிர்காலத்தில் ஆசியாவின் வடகோடியிலிருந்து பறவைகள் அந்தக் குளங்களுக்கு இரை தேடி வருகின்றன. அவற்றுக்கு இடம் வேண்டும் என்று உலகமே ஒப்புக்கொண்டது. சந்தோஷம். பிழைப்புக்கு இடம்பெயர்கிற பறவைக்கு உள்ள சட்டம், பிழைப்புக்கு இடம்பெயர்கிற மனிதனுக்கும் ஒரு நாள் வரட்டும். ஆனால் ஒன்று: குளத்துக்குச் சர்வதேசப் பட்டம் கொடுத்துவிட்டு, பக்கத்து ஆற்றில் சாக்கடையைத் திறந்துவிடுவது என்ன நியாயம்?

இதை அந்த ஊர்க் கவலை என்று நினைக்காதீர்கள். நம் தம்பானூரைப் பாருங்கள். ரயில் நிலையத்துக்கு அடியிலேயே ஆமையிழஞ்சான் தோடு ஓடுகிறது. 2024 ஜூலையில், கொட்டுகிற மழையில், அந்தத் தோட்டில் குப்பை அள்ள இறங்கிய ஒரு கூலித் தொழிலாளி அடித்துச் செல்லப்பட்டுச் செத்தார். உடலைக் கண்டெடுக்கவே இரண்டு நாள் ஆனது. ரயில்வே நிலம், கார்ப்பரேஷன் குப்பை என்று ஆளுக்கு ஆள் கை காட்டினார்கள். நான் ரயில்வேயில் உத்தியோகம் பார்க்கிறவன். அந்த மேடைகளின்மேல் தினம் நடக்கிறவன். காலுக்குக் கீழே ஒரு மனிதன் மூச்சுக்குத் தவித்த இடத்தை எப்படி மறப்பது? ஆற்றையும் தோட்டையும் நாசம் செய்வது ஊரெல்லாம் சேர்ந்து. அதற்குள் இறங்கிச் சாவது மட்டும் நம் வர்க்கம். பழையாற்றிலும் அதுதான் நடக்கும். ஆறு கெட்டால் முதலில் வயல் கூலி போகும், பிறகு மணக்குடியில் மீன் போகும், பிறகு அந்தக் குடும்பங்களும் மூட்டை கட்டிக்கொண்டு இங்கே வரும். நம்மில் பலர் அப்படி வந்தவர்கள்தானே!

எதிர்வாதங்கள்

"இவர் நாத்திகர், கோவிலைப் பழிக்கிறார்" என்று சிலர் சொல்வார்கள். நான் யாருடைய கும்பிடுகிற கையையும் பிடித்து இழுக்கவில்லை. நங்கை நம் தெரு வழியாகப் போகும்போது கண்ணீரோடு நிற்கிற தாய்மார்களை எனக்குத் தெரியும். அவர்கள் ஊரையே அந்தப் பல்லக்கில் பார்க்கிறார்கள். அந்தக் கண்ணீருக்கு மரியாதை உண்டு. 1926-ல் அந்தத் தெருவில் நின்றவர்களில் பெரும்பாலோர் பக்தர்கள்தான். கும்பிட வழி கேட்டு அடி வாங்கினார்கள். அவர்களை மறந்துவிட்டுச் செய்கிற பக்திதான் எனக்குப் புரியவில்லை.

"பழைய சாதிக் கதையை ஏன் கிளற வேண்டும்? இப்போது யார் தடுக்கிறார்கள்?" என்பார்கள். யாரும் தடுக்கவில்லை என்றால் மகிழ்ச்சியாகப் பேசலாமே, ஏன் மறைக்கிறீர்கள்? புண் ஆறிவிட்டது என்று சொல்கிறவன் தழும்பைக் காட்டக் கூச்சப்பட வேண்டியதில்லை. தவிர, சான்றிதழ் ஜன்னலில் நிற்கிற பிள்ளையைக் கேளுங்கள், ஆறிவிட்டதா என்று.

"பிழைக்க வந்த இடத்தில் அரசியல் எதற்கு? வாயை மூடிக்கொண்டு இருப்போம்" என்று நம்மில் சில பெரியவர்கள் சொல்கிறார்கள். வாயை மூடியிருந்த காலத்தில் நமக்கு என்ன கிடைத்தது? மூன்று தலைமுறையாகச் சாலையில் இருக்கிறோம். கம்போளம் நம் தோளில் நடக்கிறது. ஓட்டு இருக்கிறது, வரி கட்டுகிறோம். இன்னும் எத்தனை நாள் விருந்தாளி வேஷம்?

செய்ய வேண்டியது

ரயில் 1979-ல் திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்கும் கன்னியாகுமரிக்கும் ஓடத் தொடங்கியது. சுசீந்திரத்திலும் ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. காலையில் ஏறினால் மத்தியானச் சோற்றுக்கு முன்னால் போய் இறங்கலாம். ஆகவே தூரம் என்று சாக்குச் சொல்ல வழி இல்லை. நம் சங்கத்தின் முன் நான் வைக்கிற கோரிக்கைகள் இவை:

1. இந்த நவராத்திரி வரவேற்பில் வளைவுக்குப் பக்கத்திலேயே சுசீந்திரம் சத்தியாக்கிரகம், வைக்கம், தோள்சீலைக் கலகம் பற்றிய தட்டிகள் தமிழிலும் மலையாளத்திலும் வைக்கப்பட வேண்டும். சிறப்பு மலரில் இசைத் தூணுக்கு ஒரு பக்கம் என்றால், டாக்டர் நாயுடுவுக்கும் ஜீவாவுக்கும் ஒரு பக்கம்.

2. வசூலாகும் பணத்தில் சரி பாதி, விளக்குக்கும் மேளத்துக்கும் போகாமல், நம் பிள்ளைகளின் படிப்புக்கு ஒதுக்கப்பட வேண்டும். கணக்கு இந்தப் பத்திரிகையில் வர வேண்டும்.

3. நவம்பர் 12-ம் தேதியை ஆண்டுதோறும் தெரு உரிமை நாளாக, மலையாளத் தோழர்களையும் தொழிற்சங்கங்களையும் அழைத்து, கூட்டாக நடத்த வேண்டும்.

4. சாலை அரசுத் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளை ஆண்டுக்கு ஒரு தடவை ரயிலில் சுசீந்திரம், தேரூர், சாமித்தோப்பு அழைத்துப் போக வேண்டும். கோவிலும் பார்க்கட்டும், தெருவிலும் நடக்கட்டும், ஆற்றையும் பார்க்கட்டும்.

5. குடிபெயர்ந்த தாழ்த்தப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் படிப்பிலாவது சலுகை தொடர வேண்டும் என்று இரண்டு மாநில முதலமைச்சர்களுக்கும் மத்திய சர்க்காருக்கும் கையெழுத்து மனு அனுப்ப வேண்டும். சட்டம் குறுக்கே நின்றால் சட்டத்தைத் திருத்தச் சொல்லிக் கேட்போம். கோவில் நிதிக்காகச் சாசனத்தையே திருத்தத் தெரிந்தவர்களுக்கு இது தெரியாதா?

6. பழையாற்றில் சாக்கடை கலப்பதை நிறுத்தக் கோரி, அங்கே போராடுகிறவர்களோடு நம் சங்கமும் கையெழுத்திட வேண்டும். நம் தோட்டில் இறங்குகிற தொழிலாளிக்குக் காப்பும் கூலியும் கேட்கிற போராட்டமும் அதோடு சேர்ந்தே நடக்க வேண்டும்.

தோழர்களே! இந்த வருஷமும் சுசீந்திரத்து நங்கை நம் பக்கம் வருவாள். அவளைச் சுமந்து வருகிறவன் தோளில் காய்ப்பு இருக்கும். அவன் நடந்து வருகிற சாலை, ஒரு காலத்தில் அவனைப் போன்றவர்களுக்கு மூடியிருந்த தெருவிலிருந்து புறப்படுகிறது. அந்தத் தெருவை அடிபட்டுத் திறந்தது நம் ஜனங்கள். தேவிக்கு மாலை போடுங்கள். அந்த மனுவையும் அதே இடத்தில் மேஜை போட்டு வையுங்கள். கும்பிட்டுவிட்டுப் போகிற ஒவ்வொருவரும் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகட்டும்.